பொறுமை வேறு, பொறுப்பின்மை வேறு!
உறவினர் எடுத்துச் சென்ற பொருளும் சட்டம் தரும் உரிமையும்



மய்யித்தை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள். ஆவடியில் இருந்த அம்மாவின் வீட்டில் அழுகை இன்னும் ஓயவில்லை. வந்தவர்களுக்குப் பாய் விரிப்பதும் தேநீர் கொடுப்பதுமாக நாங்கள் அலைந்துகொண்டிருந்த நேரத்தில், நெருங்கிய உறவினர் ஒருவர் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் யாரென்று இங்கே எழுதினால் அது புறமாகிவிடும், வேண்டாம். "நீங்களெல்லாம் வாடகை வீடு மாறிக்கிட்டே இருக்கிறவங்க. எங்க வீட்ல பத்திரமா இருக்கட்டும்" என்றார். நாங்களும் சரியென்றுதான் சொன்னோம்.

அந்தப் பெட்டியில் அப்படி என்ன இருந்தது? அத்தா கட்டியிருந்த எச்.எம்.டி. கைக்கடிகாரம். அத்தா அம்மா நிக்காஹ் அன்று எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நன்னிமா தன் கையாலேயே அரபுத்தமிழில் எழுதிய நோட்டு. அம்மாவின் கருகமணி. சேட்டுக் கடையில் வைத்தால் கருகமணியில் இருக்கும் பொட்டுத் தங்கத்தைத் தவிர வேறு எதற்கும் பத்து ரூபாய் பெயராது. எங்களுக்கோ, எங்கள் அத்தாவும் அம்மாவும் விட்டுச் சென்றது மொத்தமுமே அதுதான்!

ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். "அந்தப் பெட்டியா தம்பி? உங்கம்மா மவுத்தாகும் முன்னாடியே அது எனக்குன்னு சொல்லிட்டாங்களே!" என்றார். பெட்டிக்காகவா சண்டை போடுவது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று திரும்பி வந்துவிட்டேன். அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து ஆண்டுகள் ஓடின. தங்கை மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்தோம். "அம்மாவோட கருகமணியை எம்மவ கழுத்துல ஒரு நாளாவது போட்டுப் பாக்கணும் அண்ணே" என்று தங்கை கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பூந்தமல்லியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீங்கள் கேட்டு அவர் இல்லையென்று மறுத்தது என்றைக்கு, பாய்?" சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டார். "மூன்று வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும். இப்போது போட்டால் எதிர்த்தரப்பு எழுந்ததும் சொல்லும் முதல் வார்த்தையே இதுவாகத்தான் இருக்கும்" என்றார்.

சகோதரர்களே, என் வீட்டுக் கதையைச் சொல்லி அனுதாபம் தேடுவதற்காக இதை எழுதவில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நம்மில் பலர் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிழைப்புக்காக வந்தவர்கள். தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் கடைவீதியிலும் காலூன்றியவர்கள். ஊரில் இருந்த பெரிய வீட்டின் நினைவெல்லாம் இங்கே ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, தரைத்தளத்தில் குடியிருப்பவர் முக்கியமானதை மாடி வீட்டு உறவினரிடம் கொடுத்து வைப்பதும் நடக்கிறது. கொடுத்தது திரும்பாதபோது என்ன செய்வது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

விலையில்லாத பொருளுக்கு வழக்கு உண்டா?

"பழைய வாட்ச்சுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவார்களா?" என்று கேட்போர் உண்டு. போகலாம் என்கிறது சட்டம்!

வக்கீல்கள் 'ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்' என்று சொல்லும் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7, 8 ஆகிய பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. ஒருவருடைய அசையும் பொருள் இன்னொருவர் கையில் இருந்தால், "விலையைக் கொடுத்துவிடுகிறேன்" என்று அவர் தப்பிக்க முடியாத சந்தர்ப்பங்களை 8-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளாக இருந்தால். பணத்தால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது என்றால். இழப்பு எவ்வளவு என்று கணக்கிடுவதே மிகக் கடினம் என்றால். உரிமையாளர் கையிலிருந்து முறைகேடாக அப்பொருள் மாற்றப்பட்டிருந்தால், அந்தப் பொருளையே திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இன்னும் கவனியுங்கள்: பணம் ஈடாகாது என்று சொல்லிக் கேட்கும் வழக்கில், எதிர்த்தரப்பு மாறாக நிரூபிக்கும் வரை பணம் ஈடாகாது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, "இது வெறும் பழைய சாமான்தான்" என்று காட்ட வேண்டிய சுமை எடுத்துச் சென்றவர் தலையில்!

இது இன்று நேற்று வந்த கருத்தல்ல. இதற்கு முந்தைய 1877-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, மறைந்துபோன ஓவியர் வரைந்த படம், அரிய சீனத்து ஜாடிகள் ஆகியவை உதாரணங்களாக எழுதப்பட்டிருந்தன. அதற்கும் முன்பு, 1684-இல் இங்கிலாந்தில் பியூசி என்ற குடும்பத்தின் பரம்பரைச் சொத்தோடு தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு மாட்டுக் கொம்புக்காக வாரிசு வழக்குப் போட்டார். அந்தக் கொம்பையே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அவரது கோரிக்கையை நீதிமன்றம் ஏற்றது. மாட்டுக் கொம்புக்குக் கிடைத்த நீதி அம்மாவின் கருகமணிக்குக் கிடைக்காதா?

செலவுக்கும் பயப்பட வேண்டியதில்லை. அசையும் பொருளுக்கான வழக்கில் கோர்ட் கட்டணம் பொருளின் சந்தை மதிப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. விலை குறைந்த பொருளுக்குக் கட்டணமும் குறைவு. வழக்கு முடிவதற்குள் பொருளை விற்றுவிடுவார், மறைத்துவிடுவார் என்று அஞ்சினால் ஆரம்பத்திலேயே தடையாணை கேட்கலாம். தீர்ப்புக்குப் பிறகும் கொடுக்க மறுத்தால், பொருளைக் கைப்பற்றி உரியவரிடம் ஒப்படைக்கவும், மறுப்பவரைச் சிவில் சிறையில் வைக்கவும், அவரது சொத்தை ஜப்தி செய்யவும் சிவில் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது.

போலீஸ் நிலையத்துக்கு ஓடலாமா?

நம்மவர்கள் கோபம் வந்தால் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்குத்தான். அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது அதன் 316-ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி. ஐந்து ஆண்டுகள் வரை சிறை. இறந்தவர் விட்டுச் சென்ற பொருளை, உரிமையுள்ளவர் கைக்கு வருவதற்கு முன்பே நேர்மையின்றி அபகரிப்பதற்கென்று 315 என்ற தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் வெறும் திருட்டு என்று புகார் கொடுத்தால் ஒரு சிக்கல். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் விசாரணையில் இறங்க முடியாது. நினைவுப் பொருட்களில் பெரும்பாலானவை இந்த 5,000 ரூபாய்க்குள்தான் அடங்கிவிடும்! "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் அது எப்போதும் அலட்சியம் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே, ஒப்படைத்ததற்குச் சாட்சியோ எழுத்தோ இருந்தால் நம்பிக்கை மோசடி என்று தெளிவாக எழுதிப் புகார் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். 2022 முதல் நம் பகுதிக்கு ஆவடியிலேயே போலீஸ் கமிஷனர் அலுவலகம் இயங்கி வருகிறது. காவல் நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை! நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குள் புகுந்து, "எங்கள் பொருளை நாங்கள் எடுக்கிறோம்" என்று தூக்கி வராதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அத்துமீறல் வழக்கு உங்கள் மேல்தான் விழும். பூந்தமல்லி நீதிமன்றம் என்றதும் தடா, குண்டுவெடிப்பு வழக்குகள் என்று நம் சமுதாயத்துக்கு மனம் கனக்கும். அதே ஊரில்தான் சாதாரணக் குடிமகனின் உரிமையைக் கேட்டு வாங்கும் சிவில் நீதிமன்றங்களும் இருக்கின்றன. அம்பத்தூரிலும் நீதிமன்றம் இருக்கிறது. அந்தப் படியை நாம்தான் மிதிக்காமல் இருக்கிறோம்.

"அம்மா எனக்குத்தான் சொன்னாங்க"

பெரும்பாலான தகராறு இந்த ஒரு வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறது. எடுத்தவரும் இதையே சொல்வார். இழந்தவரும் இதையே சொல்வார். சொன்னதால் மட்டும் பொருள் மாறிவிடுமா?

நம்முடைய தனியார் சட்டப்படி ஹிபா என்ற அன்பளிப்புக்கு எழுத்து கட்டாயமில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு: கொடுப்பவர் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், பொருள் கைமாற வேண்டும். சொல்லிவிட்டுக் கடைசி வரை தன் பெட்டியிலேயே வைத்திருந்தால் ஹிபா முழுமை பெறாது. அதை வஸிய்யத் என்று வாதிட்டாலோ, வாரிசுக்கு வஸிய்யத் செய்தால் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. வாரிசல்லாதவருக்குச் செய்தாலும் கடன் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது.

அப்படியானால் பெட்டி யாருடையது? மவுத்தான அந்த நிமிடமே, கடனுக்கும் வஸிய்யத்துக்கும் உட்பட்டு, வாரிசுகள் அனைவருக்கும் அவரவர் பங்கின்படி உரியது. ஆண் மக்களுக்கு மட்டுமல்ல, பெண் மக்களுக்கும்! வீட்டுச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தனி உரிமை ஏதும் கிடையாது. வீடு நிலத்துக்கு மட்டும்தான் பங்கு, தட்டுமுட்டுச் சாமானுக்கு ஏது பங்கு என்று நினைப்பது அறியாமை. எனவே வழக்குப் போடுமுன் யோசியுங்கள்: பொருள் உங்களுக்கு மட்டுமே சொந்தமானதா, எல்லா வாரிசுகளுக்கும் பொதுவானதா? பொதுவானது என்றால் மற்ற வாரிசுகளையும் சேர்த்துப் பங்கு கேட்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு தோற்றுவிட்டு நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

சகோதரிகளுக்கு இருக்கும் தனி வழிகள்

புகுந்த வீட்டில் சிக்கிக்கொண்ட நகையும் சீர்வரிசையும் பெண்ணுடைய சொத்தே. அவை கணவனிடமோ மாமியாரிடமோ இருந்தாலும் அது ஒப்படைப்புதான். திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே கூறிவிட்டது.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் பொருந்தும். அதன் 19-ஆம் பிரிவின்படி, பெண்ணுடைய பொருட்களைத் திருப்பிக் கொடுக்குமாறு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கணவன் வீட்டாருக்கு மட்டும் உரிய சட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த உடன்பிறந்தவர் மீதும் இதைப் பயன்படுத்தலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுத்தால் போதும்.

தலாக் ஆகிவிட்ட பெண்ணுக்கு 1986-ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இன்னும் விரிவான உரிமையைத் தருகிறது. மஹர் மட்டுமல்ல, திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின்போதோ, பின்போ அவருடைய உறவினர், நண்பர், கணவர், கணவரின் உறவினர் அவருக்குக் கொடுத்த எல்லாப் பொருளும் அவருக்கே சேர வேண்டும். மேற்கு வங்கத்திலிருந்து வந்த ரௌஷனாரா பேகம் வழக்கில் 2025 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பெண்ணின் தகப்பனார் மணமகனிடம் கொடுத்த பணமும் நகையும்கூட அந்தப் பெண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் முக்கியச் சாட்சியமாக அலசப்பட்டது எது தெரியுமா? நிக்காஹ் பதிவேடு! நாம் அலட்சியமாகக் கையெழுத்துப் போடும் அதே தஃப்தர்தான்.

மூன்று ஆண்டுகள்: மறக்கக் கூடாத கணக்கு

உரிமை எவ்வளவு பலமாக இருந்தாலும் காலம் தவறினால் பயனில்லை. காலவரையறைச் சட்டத்தின்படி, அசையும் பொருளைத் திரும்பக் கேட்கும் வழக்கை மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். எந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு? முறைகேடாக எடுத்துச் சென்றிருந்தால் எடுத்த நாளிலிருந்து. திருடியோ ஏமாற்றியோ தனதாக்கிக்கொண்டிருந்தால், யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கு முதலில் தெரிய வந்த நாளிலிருந்து. பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்திருந்தால், நீங்கள் கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து. ஆகவே, கொடுத்து வைத்துப் பல ஆண்டுகள் ஆகியும் இன்னும் கேட்கவில்லை என்றால் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஆனால் கேட்டு, மறுத்து, வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டீர்கள் என்றால் அன்றிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. எனக்கு ஓடியது போல!

மறுத்த மறுநாளே செய்ய வேண்டியது இதுதான். என்னென்ன பொருள், எப்போது, யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்று தேதியோடு எழுதுங்கள். அந்தப் பொருள் தெரியும் பழைய படங்களைத் தேடி எடுங்கள். திருமண ஆல்பத்தில் அம்மா கழுத்தில் கருகமணி தெரிந்தால் அதுவும் சாட்சியமே. செல்பேசியில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். வக்கீல் நோட்டீசை, ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருமானம் எதுவாக இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கவும் வழி உண்டு. அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. உறவையும் காப்பாற்றி, பொருளையும் மீட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே, உங்களைத்தான்!

"குடும்ப விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகலாமா? ஜமாஅத் எதற்கு இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலில் ஜமாஅத்துக்குத்தான் வர வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் உண்மையைப் பேசுவோம். ஜமாஅத் சொல்வதை இரு தரப்பும் மனமுவந்து ஏற்கலாம்; கட்டாயப்படுத்த அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை என்பதை 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனவே ஜமாஅத்தில் பேசி முடிப்பதை எழுத்தில் எழுதி, இரு தரப்புக் கையெழுத்தும் சாட்சிகளும் வாங்கிக் கொடுங்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று வருடக்கணக்கில் இழுத்தால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு சகோதரியின் மூன்று ஆண்டுகளை நீங்களே தின்றுவிடுகிறீர்கள்!

அதைவிட முக்கியம், தகராறு வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை. நிக்காஹ் நாளில் கொடுத்த நகை, பொருட்களின் பட்டியலை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடட்டும். 1985-லேயே வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் இதற்கென விதிகள் வந்துவிட்டன. எத்தனை மஹல்லாவில் எழுதுகிறோம்? மவுத்தான வீட்டில் ஒரு வாரத்துக்குள், வாரிசுகள் எல்லோரும், பெண்கள் உட்பட, கூடியிருக்க, இறந்தவரின் பொருட்களைப் பட்டியல் போட்டு ஆளுக்கொரு நகல் கொடுக்கட்டும். படங்களை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுக்கலாம். பிரிக்க முடியாத கடிகாரத்தை ஒருவர் எடுத்தால் மற்றவர் வேறொன்றை எடுக்கலாம். பேசினால் தீரும், எழுதினால் நிலைக்கும்.

வணிகச் சகோதரர்களே! கடைக்கு ஒரு மூட்டை வந்தால் பில் கேட்கிறோம், எண்ணிப் பார்க்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம். கூட்டாளி சொந்த மச்சானாக இருந்தாலும் பேரேட்டில் எழுதுகிறோம். அதைச் சந்தேகம் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் மட்டும் எழுதினால் அவமானம் என்று யார் சொன்னது? அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது திருக்குர்ஆன் (4:58) இட்ட கட்டளை. கடனை எழுதி வைக்கச் சொன்னதும் அதே மார்க்கம்தான். எழுதுவது உறவை முறிக்காது; எழுதாமல் விட்டதால் முறிந்த உறவுகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

தங்கை மகளின் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. புதுக் கருகமணி வாங்கிப் போட்டோம். தங்கை சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியை எடுத்துச் சென்றவர் மட்டும் அவளுக்குத் துரோகம் செய்யவில்லை. ஐந்து ஆண்டுகள் வாய்மூடி இருந்த நானும்தான்.

பொறுமை என்பது உரிமையைக் கேட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது. கேட்காமலேயே இருப்பதற்குப் பெயர் பொறுமையல்ல. உங்கள் வீட்டில் யாராவது ஒரு பெட்டியைப் பற்றி நினைத்து மனம் வெதும்பிக்கொண்டிருக்கிறார்களா? இன்றே தேதியைக் கணக்குப் பாருங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!